காபி பெவிலியனில் ஒரு துக்கம்

'மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை, சக்கரத்தில் தொடங்கவில்லை. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து சூடான ஒரு பானத்தைப் பகிர்ந்துகொண்ட கணத்தில்தான் தொடங்கியது.'

இந்த வாக்கியத்தை எழுதியபோது கட்டடக் கலைஞர் திருச்செல்வம் பூச்சோங்கில், பத்தொன்பதாவது மாடியில், தனியாக உட்கார்ந்து த்ரீ-இன்-ஒன் காபியைப் பேனாவின் பின்பக்கத்தால் கலக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்த ஒரே கரண்டி மூன்று நாளாகக் கழுவப்படாமல் கிடந்தது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மணமுறிவு பழையது; அதைப் பற்றிக் கேட்கிறவர்கள்கூட இப்போது இல்லை. அலுவலகத்தில் மூன்று பேர், மூவரும் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். நிலைமை இப்படியிருக்க, சமூகம் எப்படிக் கூடி வாழவேண்டும் என்று அறுபத்து நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினார். அதில் 'சமூகம்' என்ற சொல் நூற்றுப் பதினெட்டு இடத்தில் வந்தது. 'நகர்மூச்சு' என்ற அறநிறுவனம் அந்த அறிக்கைக்கு முதல் பரிசு கொடுத்து, பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த மட்டும் பயன்பட்டுவந்த ஒரு துண்டு நிலத்தையும் கொடுத்தது. காபிப் பண்பாட்டுக்கும் சமூகத்துக்குமான, சுற்றுச்சூழலுக்கு உகந்த நகர்ப்புறப் பெவிலியன் அங்கே எழுந்தது.

குறை சொல்ல முடியாத பெவிலியன். தூண்கள் மூங்கில். தரை ஓடுகள், பல கடைகளிலிருந்து சேகரித்த காபிச் சக்கையை அழுத்திச் செய்தவை. மழை பெய்தால் மணக்கும், பெய்யாவிட்டால் எறும்பு வரும். கூரை, பழைய விளம்பரத் துணிகளை வெளுத்துத் தைத்த வெள்ளை விதானம். நடுவே, கழித்துப்போட்ட தண்டவாளக் கட்டைகளால் ஆன பதினான்கு மீட்டர் மேஜை. இருபுறமும் பெஞ்சுகள். அந்தப் பெஞ்சுகளைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதின. நான்கு பேர் உட்கார்ந்தால் சமமாக நிற்கும். ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 'இங்கே தனிமைக்கு இடமில்லை' என்று அறிக்கையின் முப்பத்தொன்றாம் பக்கம் சொன்னது.

திறப்பு விழாவுக்கு மறுநாள், ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஒருமுறைகூடக் கீழே விழாத கன்னையா அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து விழுந்தார். இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "பெஞ்சு செஞ்சவன் ஒக்காந்து பாத்தானா?" என்று தெரு முழுக்கக் கேட்டார். செய்தவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. உட்கார்ந்து பார்க்க அவருக்கு இன்னும் மூன்று பேர் தேவைப்பட்டார்கள். பெஞ்சுகளைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டப்பட்டது.

பெவிலியனின் மூலையிலிருந்த காபி மேடை மூன்றாவது வாரம் மூடிக்கொண்டது. அங்கே ஒரு கோப்பை பதினைந்து வெள்ளி. அதோடு அந்தக் கொட்டை விளைந்த மலையின் உயரத்தையும் சொல்லித்தான் கொடுப்பார்கள். எதிர்ச்சாரியிலிருந்த காதர் கடையில் மலை எதுவும் சொல்லமாட்டார்கள். ஜனங்கள் அங்கே கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் பொங்குஸாக, பொட்டலமாகக் கட்டி வாங்கி, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, பெவிலியனைக் கடந்து போனார்கள்.

இதிலெல்லாம் பெரிய சங்கடம் ஒன்றுதான். அறநிறுவனத்தின் நிபந்தனைப்படி பெவிலியனின் ஆயுள் தொண்ணூறு நாள். அதற்குள் இரண்டு நாளாவது, நாளொன்றுக்கு முப்பது பேராவது, அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்கவேண்டும். அப்படி நடந்தால் பெவிலியன் நிரந்தரம். நடக்காவிட்டால் பிரித்து லோரியில் ஏற்றிவிடுவார்கள். முதலில் அப்படி அறுபது நாள் முப்பது பேர் உட்காரவேண்டும் என்றுதான் நிபந்தனை இருந்ததாம். அறநிறுவனம் முன்பு கட்டிய ஐந்து பெவிலியன்களின் அனுபவத்துக்குப் பிறகு அது இரண்டாகக் குறைந்திருந்தது.

எண்ணுவதற்குக் கூரையில் ஒரு கருவி, தூணில் ஒரு சிறிய பலகை. பலகைக்குச் 'சமூகமானி' என்று பெயர். அன்றைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தங்கியவர்களின் எண்ணிக்கையை அது சிவப்பு விளக்கில் காட்டும். எழுபது நாளும் அது பூஜ்யம் காட்டியது, அல்லது ஒன்று காட்டியது. அந்த ஒன்று யார் என்பதைத் திருச்செல்வம் நான்காவது வாரம் கண்டுபிடித்தார். அவர் வராத நாளில் பூஜ்யம்.

அறநிறுவனத்தின் நிகழ்ச்சி அதிகாரி மலர்விழி, இருபத்தெட்டு வயது, நல்ல பெண், போன் செய்தாள்.

"சார், இன்னும் டுவென்ட்டி டேஸ்தான் இருக்கு. போர்டுல கேக்கறாங்க. ஏதாச்சும் ஆக்டிவேஷன் பண்ணுங்க லா."

"என்ன பண்ணணும்?"

"ஃப்ரீயா ஏதாச்சும் குடுங்க சார். நம்ம ஆளுங்க வருவாங்க."

எழுபத்தொன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்செல்வம் இலவசக் காபிக்கு ஏற்பாடு செய்தார். காதர் கடையிலிருந்து பெரிய குழாய்வைத்த ஏனத்தில் கோப்பி, இரண்டு டின் கிரீம் கிராக்கர் பிஸ்கட், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. இத்தனை நாள் கட்டடக் கலைஞர்களுக்கே உரிய கறுப்புச் சட்டையில் வந்தும் பயனில்லை என்பதால் அன்று வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார். கவலையில் நான்கு நாளாகச் சவரம் செய்யவில்லை. பிஸ்கட் தூளைத் துடைக்க ஒரு பெட்டி டிஷ்யூ வாங்கி, பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு, முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

காதர் ஏனத்தை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"சார், நம்ம ஆளுங்க பழக்கத்துல நாற்காலிய வரிசையா போட்டுட்டானுங்க. மாத்தச் சொல்லவா? பாக்க ஒரு மாதிரி இருக்கு."

"எந்த மாதிரி?"

காதர் வெள்ளைக் கூரையைப் பார்த்தார். வரிசை நாற்காலிகளை, ஏனத்தை, பிஸ்கட் டின்னை, டிஷ்யூ பெட்டியை, ஜிப்பாவை, தாடியை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார்.

முதலில் வந்தவர் வீரம்மா. ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு அழைக்காமல் போகக்கூடாது, சாவுக்கு அழைப்பை எதிர்பார்க்கக்கூடாது என்பதை மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். வீரம்மா முப்பது வருடமாகக் கடைப்பிடித்தவர். பாசாரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர் பெவிலியனைப் பார்த்ததும் நின்றார். காய்கறிப் பையை உள்ளே கொண்டுவராமல் கால்வாய் ஓரமாக வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, டிஷ்யூ பெட்டியை எடுத்து மடியில் வைத்தபடி, திருச்செல்வத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"எத்தன மணிக்கு எடுக்கறாங்க தம்பி?"

"எத?"

வீரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் அப்போதுதான் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணிடம் திரும்பி, "பாவம், பிரமை புடிச்ச மாதிரி இருக்கு. கோப்பி ஊத்திக் குடும்மா," என்றார்.

திருச்செல்வத்துக்கு உடனே புரியவில்லை. நிறையப் படித்தவர்களுக்கு இது சகஜம். அவருக்கு ஒன்றுதான் தெரிந்தது: ஆள்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் உரக்கப் பேசவில்லை. அவர் கையைத் தங்கள் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினார்கள். கோப்பி குடித்தார்கள், உட்கார்ந்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள். கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தம்பதி திருநீற்றைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். பிறகு ஒருவர் எழுந்தார், தலையை மட்டும் அசைத்தார், போய்விட்டார். இன்னொருவரும் அப்படியே. யாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லவில்லை.

மூன்றாவது ஆள் அப்படிப் போனபோதுதான் திருச்செல்வத்துக்குப் புரிந்தது. போயிட்டு வரேன் என்று சொல்லாமல் ஜனங்கள் எழுந்துபோகும் வீடு ஒன்றே ஒன்றுதான் உண்டு.

சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தார். சமூகமானியில் ஐந்து எரிந்துகொண்டிருந்தது. பூஜ்யத்தையும் ஒன்றையும் தவிர வேறு எண் அதில் எரிந்து அவர் பார்த்ததில்லை. அதோடு, வீரம்மாவின் கை இன்னும் அவர் மணிக்கட்டில் இருந்தது. அந்த மணிக்கட்டைக் கடைசியாகத் தொட்டது, மார்ச் மாதம் கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ்.

வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு பொய்கூடச் சொல்லவேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் வந்தவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மாவா?" என்று ஒருவர் கேட்டார்.

"வேற யாரு? மொகத்தப் பாத்தா தெரியல?" என்றார் இன்னொருவர்.

"பாடி எங்க?"

"கிள்ளான்லயே எடுத்துட்டாங்களாம். வீடு அங்கதான். இது பிரிக்பீல்ட்ஸ் ஆளுங்களுக்காகப் போட்ட கூடாரம்," என்று கன்னையா இடுப்பைப் பிடித்தபடி அறிவித்தார். யார் சொன்னது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இறந்துபோன அம்மாள் பதினோரு மணிக்குள் ஜனங்கள் பேச்சில் கிள்ளான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆகிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு அவரிடம் படித்த இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அடிக்கமாட்டார், ஆனால் காதைத் திருகுவார் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மக்கள் பங்கேற்போடு வடிவமைப்பது என்று அறிக்கையில் திருச்செல்வம் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருந்தார். அது நடந்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மலர்விழியின் போன்.

"சார்! ஃபார்ட்டி சிக்ஸ் பீப்பள்! ஆவரேஜ் ஐம்பத்திரண்டு நிமிஷம்! என்ன சார் செஞ்சீங்க?"

"கோப்பி குடுத்தேன்."

"கோப்பி மட்டுமா?"

"அவங்களே அந்த இடத்த தங்களோடதா எடுத்துக்கிட்டாங்க."

"வாவ். இத நான் ரிப்போர்ட்ல போட்டுக்கறேன் சார். இன்னும் ஒரே ஒரு நாள் இதே மாதிரி. அவ்ளோதான் லா."

அந்த ஒரு நாளுக்கும் வழி தானாகவே திறந்தது. புதன்கிழமை வீரம்மா மூன்றடுக்கு டிபன் கேரியரோடு பெவிலியனுக்கு வந்தார். துக்க வீட்டில் அடுப்பெரியாது என்பதால் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவந்திருந்தார். திருச்செல்வம் வீட்டில் அடுப்பெரிந்து இரண்டு வருடமாகிறது என்பது அவருக்குத் தெரியாது.

"பதினாறு எப்போ தம்பி?"

திருச்செல்வம் சோற்றை விழுங்கினார். சாவு போன சனிக்கிழமை என்று தெருவே முடிவு செய்திருந்ததால், அன்றிலிருந்து வீரம்மாவே விரல்விட்டு எண்ணினார். எண்பத்தைந்தாவது நாளில் வந்து நின்றது. தொண்ணூறுக்குள்.

"கிள்ளான்ல சொந்தக்காரங்க செய்யறத செய்யட்டும். இங்க ஒரு படையலப் போட்டு நாலு பேருக்குச் சாப்பாடு போடுவோம். நீங்க ஒண்ணுத்தையும் பாக்காதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளைப் போல ஒரு காலம் திருச்செல்வத்துக்குக் கல்லூரி நாளிலிருந்து வாய்த்ததில்லை. அலுவலக வேலையைப் பெவிலியனுக்கே கொண்டுவந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காதர் திரும்பக் கேட்கவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் "சாப்பிட்டீங்களா சார்?" என்றார்கள். கன்னையா தினமும் பத்து மணிக்கு வந்து, அவரை மன்னித்துவிட்டதாகவும் பெஞ்சை மன்னிக்கவில்லை என்றும் சொல்லிவிட்டு, பத்திரிகை படித்தார்.

"தாடிய எடுத்துடாதீங்க. பதினாறு முடியட்டும்," என்று வீரம்மா அதட்டினார். "ஒழுங்கா தூங்கறீங்களா? கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

கண் பல வருடமாக அப்படித்தான் இருந்தது. இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. சமூகமானி ஆறு, எட்டு, ஒன்பது என்று காட்டியது. முப்பதுக்குப் போதாது. என்றாலும் பூச்சோங்குக்குத் திரும்பும்போது லிப்டில் பத்தொன்பதை அழுத்திவிட்டு, நாளைக்கு யார் யார் வருவார்கள் என்று அவர் யோசித்தார். உண்மையைச் சொன்னால் பெவிலியன் மட்டும் போகாது. குழம்பும் போகும், அதட்டலும் போகும் என்பதையும் யோசித்தார். அந்த யோசனை வந்ததும் லிப்டின் கண்ணாடியைப் பார்க்காமல் எண்களைப் பார்த்தார்.

பதினாறாம் நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீரம்மா ஒரு விஷயம் கேட்டார்.

"அம்மா படம் ஒண்ணு பெருசா போட்டுக் கொண்டாங்க தம்பி. மாலைக்குச் சொல்லிட்டேன்."

திருச்செல்வத்தின் உண்மையான அம்மா இருபத்து மூன்று வருடத்துக்கு முன்பு தைப்பிங்கில் இறந்தவர். ஆசிரியை இல்லை, காதைத் திருகியதும் இல்லை. அவருடைய ஒரே படம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. வீடு விற்ற தகராறில் அண்ணனோடு பேச்சு நின்று ஒன்பது வருடம் ஆகிறது. திருச்செல்வம் போனை எடுத்தார். எண் இன்னும் அதேதானா என்றுகூடத் தெரியாது. மணி இரண்டு முறை அடித்தது. என்ன சொல்லித் தொடங்குவது? 'அண்ணே, அம்மா படம் வேணும், ஒரு பெவிலியனுக்காக.' மூன்றாவது மணிக்கு முன்னால் துண்டித்துவிட்டார். அண்ணன் திருப்பி அழைப்பார் என்று ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைக்கவில்லை.

பிறகு தன்னிடமிருந்த படங்களைத் தேடினார். பதினோராயிரம் படங்கள். எல்லாம் கட்டடங்கள். கட்டடங்களை ஆள்கள் குடிபுகுவதற்கு முன்னால் படமெடுப்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம்; மனிதர்கள் வந்துவிட்டால் துணி காயப்போட்டுக் கோடுகளைக் கெடுத்துவிடுவார்கள். பதினோராயிரத்தில் ஒரு முகம்கூட இல்லை.

முகங்கள் இருந்த இடம் வேறு. கணினியில் 'ஆள்கள்' என்று ஒரு கோப்புறை. கட்டப்போகும் கட்டடத்தைக் கற்பனையாக வரையும்போது அங்கங்கே நிறுத்துவதற்கென்று, வெட்டியெடுத்த மனித உருவங்கள் அதில் இருந்தன. ஓடும் பெண், பலூன் வைத்திருக்கும் குழந்தை, மடிக்கணினியோடு சிரிக்கும் ஆள். அவர்களில் ஓர் அம்மாள் உண்டு. அறுபது வயதிருக்கும். கடுகு நிறச் சேலை, கையில் கோப்பை, பாதிச் சிரிப்பு. இருபது வருடத்துக்கு முன்பு ஏதோ வெளிநாட்டு இணையதளத்திலிருந்து இறக்கியது. யார், எந்த ஊர் என்று தெரியாது. அலுவலகத்தில் எல்லாரும் 'ஆன்டி' என்பார்கள். அம்பாங் நூலகத்தின் வரைபடத்தில் ஆன்டி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பூச்சோங் அங்காடியில் நீரூற்றைப் பார்த்தார். கடைசியில் கட்டாமலே போன ஒரு பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். திருச்செல்வம் வரைந்த எல்லாக் கட்டடங்களுக்கும் முதலில் குடிவந்தவர் அவர்தான். உலகத்தில் திருச்செல்வத்துக்கு மிக நன்றாகத் தெரிந்த முகம் அது என்று சொன்னால் மிகையில்லை.

படத்தைப் பெரிதாக்கினார். கோப்பையை மட்டும் அழித்தார். கோப்பை போனதும், உயர்ந்திருந்த அந்தக் கை ஆசீர்வாதம் செய்வதுபோல் ஆகிவிட்டது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு கடையில் சட்டம் போட்டு வாங்கினார். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கும்போது, "நல்ல மொகம். அம்மாவா?" என்றார்.

"ஆமா," என்றார் திருச்செல்வம். அவர் வாயால் சொன்ன முதல் பொய் அதுதான். எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக வந்தது.

பதினாறாம் நாள் பெவிலியனில் வாழையிலை, வடை, பாயசம், அப்பளம், ஊதுபத்தி. பதினான்கு மீட்டர் மேஜை முதல்முறையாக முழுசாகப் பயன்பட்டது. காதர் கோப்பி ஏனத்தை வைத்துவிட்டு, மாலை போட்ட படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாருன்னு எனக்கு எதுக்கு சார். இன்னொரு ஏனம் வேணுமா, அத மட்டும் சொல்லுங்க," என்றார்.

வந்தவர்கள் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார்கள்.

"ஒங்க ஜாடைதான் சார். அந்தத் தாவாக்கட்டை அப்படியே."

"டீச்சர் கடைசி வரைக்கும் மாறவே இல்ல," என்று காது திருகப்பட்டவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

"கையப் பாரு, நம்மள ஆசீர்வாதம் பண்றாங்க," என்றார் கன்னையா.

வீரம்மா முதல் இலையைத் திருச்செல்வத்துக்குப் போட்டார். இடப்பக்கம் கன்னையா, வலப்பக்கம் பெயர் தெரியாத ஒரு பெண். இரண்டு முழங்கைகளும் அவர் முழங்கைகளில் இடித்தன. பாயசத்தை இலையில் ஊற்றலாமா, கிண்ணத்தில் ஊற்றலாமா என்று இருவரும் அவருக்குக் குறுக்கே சண்டை போட்டார்கள். சமூகமானி இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்தாறு என்று ஏறியது. திருச்செல்வம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார்.

ஒரு மணிக்கு மலர்விழி, டத்தோ பட்டம் பெற்ற அறநிறுவனத் தலைவரோடு வந்தாள். டத்தோ செருப்பைக் கழற்றினார், படத்துக்கு ஒரு கைப்பிடி பூ போட்டார், யார் என்று கேட்கவில்லை. அவர் போகும் இடங்களில் பூ போடச் சொன்னால் போடுவார். பிறகு ஒலிபெருக்கி இல்லாமலே பேசினார்.

"இது கட்டடமில்ல. இது உயிருள்ள மரபு. இந்தச் சமூகம் இங்க தன்னோட இதயத்த வச்சிருக்கு. சென்சார் பொய் சொல்லாது. பெவிலியன் இங்கயேதான் இருக்கும், நிரந்தரமா!"

கைதட்டலாமா கூடாதா என்று ஜனங்கள் வீரம்மாவைப் பார்த்தார்கள். காரிய வீட்டில் கைதட்டக்கூடாது. டத்தோ தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டார். திருச்செல்வம் எழுந்து நின்று தலையைக் குனிந்தார். தாடிக்குள் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. ஜெயித்துவிட்டார். நாளைக்கும் கன்னையா பத்து மணிக்கு வருவார். நாளன்றைக்கும்.

"ஒரு குரூப் போட்டோ!" என்றாள் மலர்விழி. "எல்லாரும் வாசல் போர்டு கிட்ட வாங்க. அங்கதான் பேரு தெரியும். சார் நடுவுல, டத்தோ பக்கத்துல. வீரம்மா ஆன்டி, அந்தப் படத்தக் கையில எடுத்துக்குங்க, உருக்கமா இருக்கும்."

வாசலில் நான்கு அடிக்கு ஆறு அடியில் ஒரு பலகை எண்பத்தைந்து நாளாக நின்றுகொண்டிருந்தது. அறநிறுவனத்தின் சின்னம், பரிசு விவரம், அவற்றுக்குக் கீழே பெவிலியனின் வரைபடம்: வெள்ளைக் கூரையின் கீழே நாற்பது பேர் சிரித்துக் காபி குடித்துக்கொண்டிருக்கும் வண்ணப்படம். இதுவரை அதை யாரும் நின்று பார்த்ததில்லை. திருச்செல்வத்துக்கு அந்த வரைபடம் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. "வேணாம், மேஜை கிட்ட எடுத்துக்கலாம், அங்கதான் வெளிச்சம்..." என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள்.

மலர்விழி வரிசையைச் சரிசெய்தாள். உயரமானவர்கள் பின்னால். வீரம்மா சட்டம் போட்ட படத்தை மார்போடு அணைத்தபடி பலகைக்குப் பக்கத்தில் நின்றார். வெயிலுக்கு முகத்தைத் திருப்பியவர் பலகையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த படத்தைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் பலகை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வலது ஆள்காட்டி விரலால் பலகையில் ஓர் இடத்தைத் தொட்டார். கொஞ்சம் தள்ளி இன்னோர் இடம். குனிந்து, கீழே ஓரமாக இன்னோர் இடம்.

"ஆன்டி, இங்க பாருங்க! ஸ்மைல் வேணாம், சும்மா பாருங்க!"

வீரம்மா கேமராவைப் பார்த்தார். படம் எடுத்து முடிந்தது. ஜனங்கள் கலைந்து, யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல், முறைப்படி, ஒவ்வொருவராகப் போனார்கள். வீரம்மா கடைசிவரை இருந்தார். மாலையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்தார். சட்டத்தைக் கொண்டுவந்து திருச்செல்வத்தின் கையில் கொடுத்தார். கால்வாய் ஓரம் வைத்திருந்த டிபன் கேரியரை எடுத்துக்கொண்டார்.

"வீரம்மாக்கா..." என்றார் திருச்செல்வம்.

வீரம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"சரி தம்பி. நான் போயிட்டு வரேன்."

வரைபடத்தில் ஒரே ஆளை ஒருமுறைக்கு மேல் நிறுத்தக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். பலகையில் ஆன்டி மூன்று இடத்தில் இருந்தார்.